மரம் – எத்தனை தட்டு?

"மரம்" என்ற சொல்லைக் கைதட்டிப் பிரிக்கச் சொன்னால் எத்தனை தட்டு வரும்? ம – ர – ம் என்று எழுத்தெழுத்தாகப் பிரித்தால் 3. ம – ரம் என்று வாயில் வருகிறபடி பிரித்தால் 2. யாப்பிலக்கணம் படித்தவரைக் கேட்டால், "மரம்ங்கிறது நிரையசை, மொத்தமே ஒரு அசைதான்" என்பார். மூன்றுமே சரியான கணக்குதான். ஆனால் மூன்றும் வேறுவேறு பொருளை எண்ணுகின்றன.

இது வேடிக்கைக்குக் கேட்கிற கேள்வி இல்லை. இப்போது நர்சரி வகுப்புகளில் கைதட்டிச் சொல் பிரிக்கிற விளையாட்டை நிறையப் பார்க்கலாம். "டைகர்" என்றால் டை–கர், 2 தட்டு. "எலிஃபன்ட்" என்றால் 3 தட்டு. எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, சொல் என்பது துண்டுகளால் ஆனது என்று பிள்ளைக்குக் காது வழியாகத் தெரியட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அதே விளையாட்டைத் தமிழில் ஆடும்போதுதான் சிக்கல். பிள்ளை ம–ரம் என்று 2 தட்டு தட்டுகிறது. பெரியவர்கள், "தப்பு, மூணு எழுத்துல்ல இருக்கு" என்று திருத்துகிறார்கள். இந்தத் திருத்தம் தேவைதானா, இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது, தமிழில் இதற்கு என்ன இடம் என்று படித்துக் குறித்து வைத்தவற்றை இங்கே கோத்துத் தருகிறேன்.

ஒரு சொல் விளக்கம் முதலில். சிலபிள் என்பதைத் தமிழ் மொழியியல் நூல்கள் "அசை" என்றே எழுதுகின்றன. ஆனால் யாப்பிலும் அசை உண்டு, இரண்டும் ஒன்றல்ல. குழப்பம் வராமல் இருக்க இந்தக் கட்டுரையில் சிலபிள் என்றே எழுதுகிறேன். ஓர் உயிரொலியை மையமாக வைத்து ஒரே வீச்சில் வாயிலிருந்து வருகிற துண்டு அது. தமிழ்ச் சொல்லில் எத்தனை உயிரொலியோ அத்தனை சிலபிள் என்று வைத்துக்கொண்டால் போதும்.

பாப்பிரஸிலிருந்து நீல அட்டை வரை

எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பள்ளிப் புத்தகம் ஒன்று உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் சுருள் அது. 1938இல் ஆய்வாளர்கள் அதைப் பதிப்பித்தார்கள். அதில் முதலில் மெய்யையும் உயிரையும் சேர்த்த வரிசைகள் வருகின்றன. அப்புறம் சிலபிள் சிலபிளாகப் பிரித்து எழுதிய சொற்கள். ஒரு சிலபிள் சொல்லில் தொடங்கி, இரண்டு, மூன்று என்று நீண்டுகொண்டே போகின்றன. செய்யுள் பகுதிகள் அதற்கும் பின்னால்தான். கிட்டத்தட்ட 2200 வருடத்துக்கு முந்தைய பாடத்திட்டம், நமக்கு அந்நியமாகவே தெரியாது.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த குயின்டிலியன் என்ற ஆசிரியரும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சிலபிள்களுக்குக் குறுக்கு வழி கிடையாது, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தே ஆகவேண்டும் என்பது அவர் கட்சி. கடினமானவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இங்கிலாந்தில் பிள்ளைகள் கையில் ஹார்ன்புக் என்ற பலகை இருந்தது. கைப்பிடி வைத்த மரப்பலகை, மேலே ஒரு தாள், தாள் அழுக்காகாமல் இருக்க மெல்லிசாகச் சீவிய கொம்புத் தகடு. எழுத்துகளுக்குக் கீழே ஆப், எப், இப், ஓப், உப் என்றும், பா, பே, பி, போ, பு என்றும் வரிசை. நம்ம க, கா, கி, கீ வாய்பாட்டுக்கு உறவுக்காரன் என்று சொல்லலாம்.

இந்த வரிசைகள் காதுக்காகச் செய்யப்பட்டவை இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. எழுத்தும் எழுத்தும் சேர்ந்தால் என்ன ஒலி என்று கண்ணுக்குப் பழக்குகிற பயிற்சி அது. சிலபிளும் அங்கே ஏட்டில் இருக்கிற ஒரு பொருள்தான். அதை எங்கே வெட்டுவது என்பதற்கும் ஏட்டு விதிகளே இருந்தன. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1783இல் தன் முதல் எழுத்துப் புத்தகத்தை வெளியிட்டபோது சண்டை போட்டது இந்த இடத்தில்தான். பழைய புத்தகங்கள் "க்ளஸ்டர்" என்ற சொல்லை க்ள–ஸ்டர் என்றும், "ஹேபிட்" என்ற சொல்லை ஹே–பிட் என்றும் பிரித்தன. வாய் அப்படிச் சொல்வதில்லையே, க்ளஸ்–டர், ஹேப்–இட் என்றுதானே சொல்கிறது, அப்படிப் பிரித்தால்தானே பிள்ளை சரியாக வாசிக்கும் என்றார் வெப்ஸ்டர். நீல அட்டை போட்ட அந்தப் புத்தகம் பிறகு பல தலைமுறைகளுக்கு அமெரிக்கப் பள்ளிகளில் ஓடியது. எங்கே வெட்டுவது என்று காதைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் பிள்ளையின் காதுக்கு என்ன தெரியும் என்று யாரும் சோதித்துப் பார்க்க இன்னும் இரண்டு நூற்றாண்டு ஆனது.

காதுக்கு முதலில் தெரிந்தது

அந்தச் சோதனை 1974இல் வெளியானது. செய்தவர் இசபெல் லிபர்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவும். முறை ரொம்ப எளிது. பிள்ளை கையில் ஒரு சின்ன மரக்குச்சி. பெரியவர் ஒரு சொல் சொல்வார். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லி, அதில் எத்தனை துண்டு உண்டோ அத்தனை முறை மேசையில் தட்ட வேண்டும். ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்குத் துண்டு என்றால் சிலபிள். இன்னொரு பிரிவுக்குத் துண்டு என்றால் தனி ஒலி, அதாவது உயிரும் மெய்யும் தனித்தனியாக.

தனி ஒலியை எண்ணச் சொன்னபோது 4 வயதுப் பிள்ளைகளில் ஒருவர்கூடத் தேறவில்லை. 5 வயதில் 17 சதவீதம். முதல் வகுப்பு முடிகிறபோது 70 சதவீதம். சிலபிள் எண்ணச் சொன்னபோதோ 4 வயதிலேயே 46 சதவீதம் தேறினார்கள். 5 வயதில் 48, முதல் வகுப்பில் 90. எழுத்தே தெரியாத வயதில் பாதிப் பேருக்கு சிலபிள் கேட்கிறது, தனி ஒலி கேட்கவில்லை.

பெரியவர்களிடமும் இதைப் பார்த்தார்கள். போர்ச்சுகலில் எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்களையும், வயது வந்த பிறகு எழுத்துக் கற்றவர்களையும் ஒப்பிட்டு ஜோஸே மொராய்ஸ் குழுவினர் 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிச் சொல்லுங்கள் என்றால் எழுத்தறியாதவர்கள் திணறினார்கள், எழுத்துக் கற்றவர்கள் செய்துகாட்டினார்கள். 1986இல் அதே குழு சிலபிள் அளவில் கேட்டபோது எழுத்தறியாதவர்கள் முன்னைவிட எவ்வளவோ நன்றாகச் செய்தார்கள். ஆக சிலபிளைப் பிரிக்க எழுத்து தேவையில்லை. மெய்யைத் தனியாகப் பிரிக்கத்தான் எழுத்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கைதட்டுகிற விளையாட்டு நர்சரிகளில் வேரூன்றியதற்கு இந்த வகை ஆய்வுகள் பெரிய காரணம். தெரிந்த இடத்தில் தொடங்கித் தெரியாத இடத்துக்குக் கூட்டிப்போவது என்பதுதான் அதன் தர்க்கம்.

இக்கு, இங்கு, இச்சு

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லும். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அனாதைப் பள்ளியை 1789இலிருந்து நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் போனது. மணலும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கமும் திண்ணையில் ஏற்கனவே இருந்தவை.

அந்த மணலில் எழுதியது அரிச்சுவடி வரிசை. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 247. இதில் உயிரும் உயிர்மெய்யும் பிரச்சினை இல்லாதவை. அ, மா, கி, பூ எல்லாமே தனித்தனியாக வாயில் வரும். ஒவ்வொன்றும் ஒரு சிலபிள். ஆங்கில எழுத்தைவிட இது பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் இருக்கிற எழுத்துமுறை. "மாமா", "பூனை", "கதவு" போன்ற சொற்களில் எழுத்தை எண்ணினாலும் தட்டை எண்ணினாலும் ஒரே விடை வரும்.

சிக்கல் 18 புள்ளி எழுத்துகளில் மட்டும்தான். ம் என்பதைத் தனியாகச் சொல்வது கஷ்டம். அதனால் முன்னால் ஒரு இகரத்தைப் போட்டு "இம்" என்கிறோம். இக்கு, இங்கு, இச்சு என்று பின்னால் உகரமும் சேர்த்துச் சொல்கிற வழக்கமும் உண்டு. அரை மாத்திரை எழுத்துக்கு வைத்த பெயர் இரண்டு சிலபிள்! "மரம்" என்பதை ம – ர – இம் என்று எழுத்துக்கூட்டும்போது மூன்றாவதாக ஒரு துண்டு இருக்கிற மாதிரி காதுக்கே தோன்றிவிடுகிறது. அந்தத் துண்டு எழுத்தின் பெயரிலிருந்து வந்தது, சொல்லிலிருந்து வந்ததல்ல. 3 தட்டு என்று பெரியவர்கள் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நாம் படித்த எழுத்தைத்தான் கேட்கிறோம்.

புள்ளியே இல்லாமல் எழுதிய காலமும் இருந்தது. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொன்னாலும், ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். "பட்டம்" என்பது ஓலையில் "படடம" என்றுதான் இருக்கும். எந்த எழுத்துக்கு உயிர் உண்டு, எதற்கு இல்லை என்பதை வாசிப்பவர் தானே முடிவு செய்ய வேண்டும். பட்–டம் என்ற ஒலி தெரிந்தவருக்குத்தான் அந்த ஓலை பேசும். கண் கொடுக்காத தகவலைக் காது கொடுத்தது.

தொல்காப்பியர் எண்ணிய விதம்

சிலபிள் என்பது வெளியிலிருந்து வந்த சங்கதி, தமிழுக்கு எழுத்துக் கணக்குதான் இயல்பு என்று யாராவது சொன்னால், தொல்காப்பியத்தின் செய்யுளியலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பாட்டின் அடியை எழுத்தெண்ணி வகைப்படுத்துகிறார். 4 முதல் 6 எழுத்து வந்தால் குறளடி, 7 முதல் 9 வரை சிந்தடி, 10 முதல் 14 வரை அளவடி, இப்படிப் போகிறது. அந்த எண்ணிக்கைக்கு அவர் போடும் நிபந்தனைதான் முக்கியம். உயிர் இல்லாத எழுத்தை எண்ணக் கூடாது, ஏனென்றால் அதற்கு உயிரைப் போலத் தானே இயங்குகிற திறம் இல்லை என்கிறார்.

புள்ளி எழுத்தை விட்டுவிட்டு எண்ணு என்றால் என்ன பொருள்? உயிரொலிகளை மட்டும் எண்ணு என்று பொருள். அது சிலபிள் கணக்கேதான். மரம் 2, பட்டம் 2, அம்மா 2, சக்கரம் 3. நர்சரிப் பிள்ளை தட்டுகிற அதே எண். குற்றியலுகரத்தை எண்ணுவதா விடுவதா என்று உரையாசிரியர்கள் நுணுக்கமாகப் பேசுகிறார்கள். அது புலவர்கள் வழக்கு, பிள்ளை "பாட்டு" என்ற சொல்லுக்கு 2 தட்டு தட்டினால் தாராளமாக விடலாம்.

இந்தக் கணக்கு பிற்காலத்திலும் தொடர்ந்தது. கட்டளைக் கலித்துறையில் ஒற்றை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து வர வேண்டும். அபிராமி அந்தாதி இந்த யாப்பில் அமைந்தது. வீட்டில் புத்தகம் இருந்தால் ஓர் அடியை எடுத்து எண்ணிப் பாருங்கள், விரல்விட்டு எண்ணுவது சுகமான வேலை.

யாப்பின் அசை வேறு கதை. குறில் தனியாகவோ நெடில் தனியாகவோ நின்றால் நேர். இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து வந்தால் நிரை. இவற்றின் பின்னால் ஒற்று வந்தாலும் அசை மாறாது. ஆக நிரை என்பது இரண்டு சிலபிள். "மரம்" ஒரே நிரையசை, வாய்பாடு சொன்னால் "மலர்". "அம்மா" நேர்–நேர், இரண்டு அசை. இது செய்யுளின் ஓசைக்கான அளவு. நர்சரிப் பிள்ளையிடம் இதைக் கொண்டுபோக வேண்டாம்.

பக்கத்து வீடும் தூரத்து வீடும்

நம் பக்கத்து மொழியான கன்னடத்தில் இது எப்படி என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அங்கே அம்மாவை "அம்ம" என்பார்கள். எழுதும்போது இரட்டை மகரத்தை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கூட்டெழுத்தாக்கி விடுவார்கள். அதனால் அது அ, ம்ம என்று இரண்டே எழுத்து. தட்டும் 2, எழுத்தும் 2. ஆனால் வெட்டுகிற இடம் வேறு. வாய் அம்–ம என்கிறது, எழுத்து அ–ம்ம என்கிறது. பெங்களூரில் கன்னடம் வாசிக்கக் கற்கும் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளுக்கு சிலபிள் உணர்வு முன்னால் வருகிறது, தனி ஒலியைப் பிரிக்கும் திறன் மெதுவாகத்தான் வருகிறது, எழுத்துகள் முழுவதும் வசப்பட நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டினார்.

ஜப்பானியத்தில் "நிப்பொன்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நாட்டின் பெயர்தான். சிலபிள் கணக்கில் நிப்–பொன், 2. ஆனால் ஜப்பானியர்கள் நி – ப் – பொ – ன் என்று 4 தட்டு எண்ணுவார்கள். அவர்களுடைய கானா எழுத்திலும் 4 குறிகள். ஹைக்கூவின் 5–7–5 என்பதும் இந்தத் தட்டுக் கணக்குதான். அந்த மொழியின் பேச்சுத் தாளத்திலேயே ப், ன் இரண்டுக்கும் முழு நேரம் உண்டு. தமிழில் மெய்க்கு அரை மாத்திரைதான். ஜப்பானியப் பிள்ளைக்கு 4 சரி, தமிழ்ப் பிள்ளைக்கு மரம் 2 சரி. அந்தந்த மொழியின் ஓட்டத்தைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டுத் தமிழும் ஏட்டுத் தமிழும்

தமிழுக்கு மட்டும் இன்னொரு சங்கதி இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கு வரும்போது கொண்டுவருகிற தமிழ் பேச்சுத்தமிழ். அதில் "பால்" கிடையாது, "பாலு"தான். "கண்" கிடையாது, "கண்ணு". "நாய்" கூட "நாயி". ஏட்டில் 1 சிலபிளாக இருப்பது வீட்டில் 2 ஆகிவிடுகிறது. "பால்" என்று படத்தைக் காட்டிக் கேட்டு, பிள்ளை 2 தட்டு தட்டினால் அது தன் காதுக்கு உண்மையாகத் தட்டியிருக்கிறது.

"மரம்" என்பதையும் வேகமாகப் பேசும்போது கவனியுங்கள். கடைசியில் உதடு மூடுவதே இல்லை. மகரம் போய், மூக்கால் சொல்கிற ஓர் உயிரொலிதான் மிஞ்சுகிறது. "அவன்", "வந்தான்" எல்லாம் இதே கதை. எழுத்துப் படிக்காத பிள்ளையிடம் அந்த ம் எங்கே என்று கேட்பது, இல்லாத பொருளைத் தேடச் சொல்வது மாதிரி. அந்த ம் அங்கே இருக்கிறது என்பதை எழுத்துதான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறது.

அப்போ எப்படி விளையாடுவது?

எனக்குப் புரிந்தவரை இப்படிச் செய்யலாம். முதலில் எழுத்தே வேண்டாம், காது மட்டும். பெயர்களில் தொடங்குவது நல்லது, பிள்ளைகளுக்குத் தங்கள் பெயர் ரொம்பப் பிடிக்கும். கவிதா, 3. முருகன், மு–ரு–கன், 3. கண்ணன், கண்–ணன், 2. மீனாட்சி, மீ–னாட்–சி, 3. தட்டுக்கு ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். பாலு என்று சொன்னால் 2 கொட்டை, விட்டுவிடுங்கள். "புத்தகத்துல பால்னு இருக்கும், அதுக்கு ஒண்ணு" என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

எழுத்து வந்த பிறகு அதே கொட்டைகளை எழுத்துக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள். "பட்டம்" என்றால் 4 எழுத்து, 2 கொட்டை. ப, ட இரண்டுக்கும் கொட்டை உண்டு. புள்ளி வைத்த ட், ம் இரண்டுக்கும் கொட்டை கிடையாது, அவை முன்னால் இருக்கிற எழுத்தின் மடியில் உட்கார்ந்துகொள்ளும். பட் – டம். தொல்காப்பியர் சொன்ன விதியேதான், புளியங்கொட்டையில்.

இதனால் என்ன லாபம் என்றால், வாசிப்பு. எல்லா எழுத்தும் தெரிந்தும் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ப – இட் – ட – இம் என்று எழுத்துக்கூட்டிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நான்கு ஒலியை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் "பட்டம்" வராது. பட் – டம் என்று இரண்டாகச் சேர்க்கத் தெரிந்த பிள்ளைக்கு உடனே வரும். அப்படிச் சேர்க்கிற திறமையைத்தான் அது 4 வயதில் கைதட்டிக் காட்டியது. அன்றைக்கு அதைத் தப்பு என்று திருத்திவிட்டால், பிறகு அதையே கஷ்டப்பட்டு மறுபடியும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

அதனால் அடுத்த முறை பிள்ளை மரத்துக்கு 2 தட்டு தட்டினால், சரி என்று சொல்லுங்கள். எழுதும்போது 3 எழுத்து என்று காட்டுங்கள். ஒரே அசை என்பது மேல் வகுப்பில் யாப்பு படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும், அவசரமில்லை.